கௌசிகாவைப் பார்க்க வந்த கல்லூரிகள்

ஒரே ஒரு ஊர், அந்த ஊருக்கு நாலு பக்கமும் நெடுஞ்சாலை, நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் படுத்துத் தூங்க ஒரு பொட்டல், பொட்டலுக்கு எதிரே எங்கள் பட்டறைத் தெரு, தெருவில் ஏழாவது வீடு, அந்த வீட்டில் ஒரே ஒரு பெண்பிள்ளை, அவள் பெயர் கௌசிகா. கேட்கிறவர்கள் ம் கொட்டினாலும் சரி, கொட்டாவிட்டாலும் சரி, நடந்ததைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

அவளுடைய அப்பா செங்கோட்டுவேல் சேஸ் ஓட்டுகிறவர். தொழிற்சாலையில் லாரி பிறக்கும்போது அதற்கு முகமும் கிடையாது முதுகும் கிடையாது, எலும்பும் எஞ்சினும் ஆறு சக்கரமும் ஒரு ஸ்டீயரிங்கும்தான். அந்த எலும்புக்கூட்டின் மேல் ஒரு மரப்பெட்டியை வைத்துக் கயிற்றால் கட்டி, அதில் உட்கார்ந்து, காதைத் துண்டால் சுற்றிக் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, முந்நூறு நானூறு கிலோமீட்டர் காற்றையும் வெயிலையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு ஓட்டி வருவார், எங்கள் தெருக்காரர்கள் அதற்குக் கேபின் வைத்துப் பாடி கட்டிப் பெயிண்ட் அடித்து, கண் படாமலிருக்கக் கறுப்புக் கயிறும் கட்டி அனுப்புவார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறார். அவர் கைக்கு வருகிற சேஸ் எதுவாக இருந்தாலும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும், நாற்பதில் நடுங்காது, நாற்பத்தைந்தில் நடுங்காது, நாற்பத்திரண்டில் நடுங்கும், அந்த நடுக்கம் வருஷத்துக்கு ஒரு நெல் அளவு ஸ்டீயரிங்கை விட்டு இறங்கி இறங்கி அவருடைய இரண்டு கைக்குள்ளும் குடியேறிவிட்டது. சோறு பிசைந்தால் பருக்கை சிதறும். டம்ளரை எடுத்தால் காப்பி விளிம்பில் வட்டமடிக்கும். தூங்கும்போதுகூட விரல்கள் எதையோ பிடித்துக்கொண்டு நடுங்கும்.

பத்து வயதில் கௌசிகா கேட்டாள், "ஏனுங்ப்பா, நாப்பத்திரண்டுல மட்டும் ஏன் நடுங்குது?"

"அது அப்படித்தான் கண்ணு."

வெல்டரிடம் கேட்டாள், அது அப்படித்தான் என்றார். ஃபிட்டரிடம் கேட்டாள், அது அப்படித்தான் என்றார். பெயிண்டரான தாய்மாமன் பொன்னுரங்கத்திடம் கேட்டாள், அவர் பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு, "அது அப்படித்தான் அம்மிணி, ஆனா நல்ல கேள்வி" என்றார். எங்கள் தெருவில் எல்லாக் கேள்வியும் கடைசியில் போய் முட்டுகிற சுவர் அதுதான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் அவள் ஆட்டோமொபைல் எஞ்சினியரிங் படிக்கப் போவதாகச் சொன்னாள், ஏழு வருஷமாகச் சொன்னாள். பொம்பளப் புள்ளைக்கு வண்டிப் படிப்பு எதுக்குங்க, கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்லுங்க என்று சொல்ல வேண்டியவர்களெல்லாம் சொல்லி ஓய்ந்த பிறகும் சொன்னாள்.

பன்னிரண்டாவது முடிந்தது, மார்க் வந்தது, ரேங்க் வந்தது, கவுன்சிலிங்கில் அவளுடைய சுற்றும் வந்தது. செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் எந்தக் கல்லூரி முதலில், எது இரண்டாவது என்று வரிசைப்படுத்திக் கம்ப்யூட்டரில் பூட்டிவிட வேண்டும், பூட்டியது பூட்டியதுதான், திறக்க முடியாது. தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் ஐந்து கல்லூரி எழுதி வைத்திருந்தாள். ஐந்தும் தன்னைத்தான் முதலிடம் என்று சொல்லிக்கொண்டன, ஐந்தின் படத்திலும் அதே ஆறு பேர் அதே லேப்டாப்பைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்தார்கள். அவள் அந்தத் தாளை மடித்து மடித்துப் பிரித்துப் பிரித்து, மடிப்பில் கிழிந்து மூன்றாவது கல்லூரி இரண்டு துண்டாகிவிட்டது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. நகத்தைக் கடித்து முடித்துவிட்டு விரலைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள்.

"நேர்ல பாத்தாத்தான் தெரியும்ங்மா" என்றாள்.

"உங்கப்பா வண்டியோட லைன்ல இருக்கறாரு, வியாழக்கிழமைதான் வர்றாரு. நானும் முட்டைப் பண்ணையில லீவு சொல்லிட்டு உன்னைக் கூட்டிட்டு அஞ்சு ஊரு சுத்த முடியுமா கண்ணு?" என்றாள் அம்மா கலாமணி. "அதுங்களா வந்தாத்தான் உண்டு."

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு முதல் கல்லூரி வந்தது.

தன் அஸ்திவாரத்தை, சேற்றில் நடக்கிறவர் வேட்டியைத் தூக்கிப் பிடிப்பது போல முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஐந்து மாடியும் முகம் முழுக்கக் கண்ணாடியுமாக, சர்வீஸ் ரோட்டில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பி, பொட்டலில் நின்றிருந்த லாரிகளில் ஒன்றைக்கூட உரசாமல் உள்ளே வந்து நின்று, மெதுவாக உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் வாசலில் இருந்த நீரூற்று ஒரு தடவை இருமிவிட்டுப் பீய்ச்ச ஆரம்பித்தது. பட்டறைகளில் சுத்தியல் சத்தம் நின்றது. பிறகு யாரோ, "எந்த டோல் வழியா வந்திருக்கும்?" என்று கேட்டார்கள், அதைப் பற்றிக் கால் மணி நேரம் பேச்சு நடந்தது, ஓவர் லோடுக்கு எடை மேடையில் நிறுத்தியிருப்பார்களா மாட்டார்களா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள், அப்புறம் சுத்தியல் சத்தம் திரும்பவும் எழுந்தது.

கலாமணிக்குத்தான் கை கால் ஓடவில்லை. வீடு தேடி ஒரம்பறை, விருந்தாளி என்று வந்தால் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் சொம்பை ஏந்திக்கொண்டு போய், ஐந்து மாடியை அண்ணாந்து பார்த்து, எது வாய் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முன்படியில் ஊற்றிவிட்டு, "வாங்க" என்றாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. கழுத்தில் டை கட்டி, கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு ஓர் இளைஞன் இறங்கி வந்தான், பெயர் ஹேமந்த், அட்மிஷன் ஆபீசர்.

"கௌசிகா மேடம் வீடுங்களா?"

பதினேழு வயதில் முதல் தடவையாக மேடம் என்று கூப்பிடப்பட்ட கௌசிகா, கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவைப் பார்த்தாள்.

மத்தியானம் அந்தத் தப்பு நடந்தது. கல்லூரி நடந்து வந்த குலுக்கலில் கேண்டீனில் உப்பு மூட்டை சரிந்து கொட்டிப்போயிற்று. கேண்டீன் மாஸ்டர் பின்வாசலுக்கு வந்து ஒரு டம்ளர் உப்புக் கேட்டார், கலாமணி கொடுத்தாள். வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று வளர்ந்த மனிதர் அவர், சாயங்காலம் அதே டம்ளரில் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து தந்தார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காப்பி போட்டுச் சர்க்கரை டப்பா தீர்ந்திருந்த நேரம், கலாமணி இரண்டு கையாலும் வாங்கினாள். அதை, எதிர்ப் பட்டறையில் ஒரு லாரியின் நெற்றியில் தாமரை வரைந்துகொண்டிருந்த பொன்னுரங்கம் பார்த்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு சம்பந்தம் நிச்சயமானால் இரண்டு வீட்டாரும் கடைக்குப் போய் உப்பும் சர்க்கரையும் வாங்கிக் கை மாற்றிக்கொள்வார்கள், அதுதான் உறுதி, அதற்கு மேல் பேச்சு கிடையாது. உப்புச் சர்க்கரை மாறிய பிறகு பின்வாங்கிய ஒரு குடும்பத்தோடு இன்னொரு குடும்பம் மூன்று தலைமுறையாகப் பேசாமலிருக்கிறது, அந்தக் குடும்பங்களின் நாய்கள்கூட ஒன்றை ஒன்று பார்த்துக் குரைப்பதில்லை. பொன்னுரங்கம் பிரஷ்ஷை டர்பன்டைனில் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து நின்று, "உப்புச் சர்க்கரை கை மாறியாச்சு. கௌசி கண்ணாடிக் காலேசுக்கு உறுதி" என்றார்.

"மாமா, அது காப்பிக்குங்க" என்றாள் கௌசிகா.

"காப்பிக்குத்தான் அம்மிணி எல்லாருமே சர்க்கரை வாங்கறது."

"அண்ணா, டம்ளரைச் சும்மா தரக் கூடாதுன்னு அந்த மனுசன்..." என்று கலாமணி இழுத்தாள்.

"நல்ல எடம் கலா. ஏசி இருக்குது, லிஃப்ட் இருக்குது, முக்கா மணி நேரத்துல வீட்டுக்கு வந்துக்கலாம். நீயா தேடிப் போனா கிடைக்குமா?"

அதற்குள் தெருவே காப்பிக்கு வந்துவிட்டது. அந்தச் சர்க்கரையில் காப்பி போட்டு எல்லோரும் குடித்தார்கள், குடித்தவர்களெல்லாம் சாட்சி ஆனார்கள்.

புதன்கிழமை விடிந்தபோது கல்லூரி எங்கள் பொட்டலில் பிறந்து வளர்ந்தது போலாகிவிட்டது. முன்படியில் யாரோ வடகம் பிழிந்து காயவைத்திருந்தார்கள், ஐந்து மாடிக் கைப்பிடியிலும் புடவைகள் தொங்கின, ஏசி லைப்ரரியில் நாலு வெல்டர்கள் வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள், லிஃப்ட்டில் ஏறி இறங்க ஒரு கூட்டம் நின்றது. வாகன ஆய்வாளர் வந்து டேப் வைத்து நீளம் அகலம் அளந்து, பின்பக்கம் சிவப்பு வில்லை இல்லை என்று கண்டுபிடித்து, தானே நாலு ரிஃப்ளக்டர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார். எல்லோரும் கௌசிகாவைப் பார்க்கிறபோது புது மாதிரி சிரித்தார்கள், பூ வைத்த பெண்ணைப் பார்க்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பூட்டுகிற நேரத்துக்கு இன்னும் முப்பது மணி நேரம் இருந்தது, அப்புறம் இருபத்தொன்பது இருந்தது.

இருபத்தொன்பதாவது மணியில் இரண்டாவது கல்லூரி வந்தது.

அது வெகு தூரத்திலிருந்து, தெற்கே கடலோரத்திலிருந்து, முந்நூறு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தது. ஒரே ஒரு மாடி. உப்புக் காற்றில் சுண்ணாம்பு உரிந்த சுவர். பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு நீளமான ஒர்க்‌ஷாப், முன்கட்டிடத்திலிருந்து பத்தடி பிந்தி, இழுத்துக்கொண்டு வந்தது. இடதுபக்கத் தூணில் ஒரு நொண்டல். பாரம் குறையட்டும் என்று இறங்கி, அதன் பக்கத்திலேயே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நடந்து வந்தாள். முப்பது வயதிருக்கும், நகத்தில் கிரீஸ், லேப் அசிஸ்டெண்ட்டாம், பெயர் ஜெனோவா.

கல்லூரி பொட்டலின் ஓரத்தில், கருவேல மரத்துக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தது. வராந்தாவிலிருந்து கடல் மணல் கொட்டியது.

யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. உறுதியான பெண் வீட்டு வாசலில் இன்னொருத்தர் வந்து நின்றால் எப்படித் தண்ணீர் கொடுப்பது? "நேத்தே வந்திருக்கலாமில்ல" என்று பொன்னுரங்கம், அந்தக் கட்டிடத்தின் காதில் விழாதபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். பட்டியலில் மற்ற மூன்று கல்லூரிகள் வரவேயில்லை. வராதவர்களைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் பேசுவதில்லை, அது அவர்கள் பாடு.

கௌசிகாதான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய், பாதியைப் படியில் ஊற்றி, மீதியை ஜெனோவாவிடம் கொடுத்தாள். அவள் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "ஒங்க ஊருல தண்ணி இனிக்கி" என்றாள்.

இப்போது எங்கள் தெருவின் வேலை முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டியை வாங்க வருகிறவர்கள் பெயிண்ட்டைப் பார்ப்பார்கள், தாமரையைப் பார்ப்பார்கள், கண்ணாடியில் முகம் பார்ப்பார்கள். எங்கள் தெருக்காரர்கள் எந்த வண்டியையும் மேலே பார்க்க மாட்டார்கள். பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் போட்டு, மல்லாந்து படுத்து, அடியில் நுழைந்து பார்ப்பார்கள். பிறந்த குழந்தையை அப்படிப் பார்க்காததுதான் பாக்கி. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கௌசிகா ஒரு அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து இறங்கினாள்.

முதலில் கண்ணாடிக் கல்லூரி. தரைத்தளத்தில், பின்பக்கம், ஆட்டோமொபைல் லேப். தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம். ஆறு எஞ்சின்கள் ஸ்டாண்டில் நின்றன, ஆறும் நீலம், மயில் கழுத்து நீலம். அவள் அட்டையை விரித்து ஒவ்வொன்றின் அடியிலும் படுத்துப் பார்த்தாள். ஸ்பேனர் ஒரே ஒரு தடவை பட்டால்கூட போல்ட் தலையில் பெயிண்ட் உடையும், மூலையில் இரும்பு தெரியும். ஆறு எஞ்சினிலும் ஒரு போல்ட்டில்கூடப் பெயிண்ட் உடைந்திருக்கவில்லை.

"இதை யாராவது கழட்டியிருக்காங்களா?" என்று படுத்தபடியே கேட்டாள்.

ஹேமந்த் குனிந்தான். "ரொம்ப காஸ்ட்லி மேடம். ஸ்டூடண்ட்ஸ் தொடக் கூடாது. எல்லாம் ஸ்மார்ட் போர்டுல அப்படியே பிரிச்சுப் பிரிச்சுக் காட்டுவாங்க."

"நாப்பத்திரண்டு கிலோமீட்டர்ல ஸ்டீயரிங் ஏன் நடுங்குது?"

அவன் டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். நூறு சதவீத வேலைவாய்ப்பு இருந்தது, வெளிநாட்டு ஒப்பந்தம் இருந்தது, நீச்சல் குளம் இருந்தது. அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு டையைத் தளர்த்தினான். "மேடம், நான் சிவில் படிச்சவன். எனக்கு இந்த வேலைதான் கெடச்சுது. நீங்க நல்லா யோசிச்சுக்குங்க."

அப்புறம் கடலோரக் கல்லூரி. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் எண்ணெயும் மணலும் துருவும் கலந்த வாடை. எஞ்சின்களுக்கு நிறமே இல்லை, போல்ட் தலைகள் ஆயிரம் கைகள் திருகித் திருகி மூலை மழுங்கிக் கிடந்தன, ஒன்றிரண்டு வேறு அளவு போல்ட்டைப் போட்டு ஒப்பேற்றியிருந்தது, ஒரு பிஸ்டனை யாரோ கதவு சாத்தாமலிருக்க முட்டாக வைத்திருந்தார்கள். ஒரு பழைய ஜீப்பின் முன் அச்சுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"யாரது? டார்ச்ச இப்படிப் பிடி தங்கச்சி" என்றன கால்கள்.

கௌசிகா அட்டையைப் போட்டு உள்ளே நுழைந்து டார்ச்சைப் பிடித்தாள். ஜெனோவா எதையோ திருகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாப்பத்திரண்டு கிலோமீட்டர்ல ஸ்டீயரிங் ஏன் நடுங்குது?"

"என்ன வண்டி?"

"சேஸ். கேபின் கட்டாதது. எங்கப்பா ஓட்டறாரு."

ஸ்பேனர் நின்றது. ஜெனோவா கையைத் துணியில் துடைத்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள். "எங்க சாருகிட்ட கேட்டா மூணு காரணம் சொல்லுவாரு. மூணும் சரியாத்தான் இருக்கும். ஆனா ஒங்கப்பா வண்டியில எதுன்னு கழத்திப் பாத்தாத்தான தெரியும்? கழத்துவோம். இன்னும் கொஞ்சம் கீழ பிடி, கண்ணுல அடிக்கி."

அவள் டார்ச்சைக் கீழே பிடித்தாள். நாலு நாளில் முதல் தடவையாகக் கௌசிகாவுக்குப் பசித்தது.

ஆனால் அவளுக்குப் பின்னாலேயே அம்மா வந்திருந்தாள் என்பது அவளுக்குத் தெரியாது. கலாமணி ஒர்க்‌ஷாப்புக்கு வரவில்லை, நேரே மாடியில் இருந்த பெண்கள் ஹாஸ்டலுக்குப் போனாள், கட்டிலை ஆட்டிப் பார்த்தாள், தண்ணீரை நக்கிப் பார்த்தாள், மூன்று குளியலறைக் கதவையும் உள்ளே போய்ச் சாத்திப் பார்த்தாள். மூன்றாவதில் தாழ்ப்பாள் இல்லை. ஒரு நைலான் கயிறு கட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"முந்நூறு கிலோமீட்டரு" என்றாள். "கடலு. தாழ்ப்பாளு வேற இல்ல."

மூன்றரை மணிக்குச் செங்கோட்டுவேல் வந்தார். புழுதி படிந்த முகத்தில் கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வட்டமாகச் சுத்தமாக இருக்க, மரப்பெட்டியில் உட்கார்ந்து சேஸைப் பொட்டலுக்குள் திருப்பியவர், தான் எப்போதும் நிறுத்துகிற இடத்தில் ஐந்து மாடிக் கட்டிடம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு ஹாரன் அடித்தார். கண்ணாடிக் கல்லூரி ரிவர்ஸ் சத்தம் எழுப்பிக்கொண்டு நாகரிகமாக இருபதடி பின்னால் போயிற்று. கடலோரக் கல்லூரியும் எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை, தூண் நடுங்கியது. "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று கையைக் காட்டிவிட்டு அவர் வண்டியை ஒடித்து நிறுத்தினார்.

பொன்னுரங்கம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். செங்கோட்டுவேல் கேட்டுக்கொண்டே முகம் கழுவினார், கையிலிருந்த தண்ணீர் நடுக்கத்தில் பாதி சிந்தியது.

"உப்புச் சர்க்கரை மாறிருச்சா?"

"மாறிருச்சு மச்சான். நான் கண்ணால பாத்தேன். தெருவே காப்பி குடிச்சுது."

"மாறினா மாறினதுதான்" என்றார் செங்கோட்டுவேல். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சேஸைக்கூடச் சொன்ன நேரம் தவறிக் கொண்டுவராதவர். "அதுல வேற என்ன பேச்சு."

கௌசிகா அப்பாவுக்குச் சோற்றுத் தட்டை வைத்தாள். மணி நாலு. அவர் சோற்றில் கை வைத்தார். பருக்கைகள் தட்டுக்கு வெளியே ஒவ்வொன்றாகக் குதித்தன, அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தாள், சின்னப் பிள்ளையிலிருந்து செய்கிற வேலை.

"ஏனுங்ப்பா, உங்க கை ஏன் நடுங்குது?"

"அது அப்படித்தான் கண்ணு."

"நானும் ஏழு வருசமா எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன், எல்லாரும் அப்படித்தான்னாங்க. கண்ணாடிக் காலேசுல வேலை கிடைக்கும்னாங்க. கடலோரக் காலேசுல ஒரு அக்காதான் தெரியாதுன்னு சொன்னாங்க." இன்னொரு பருக்கையைப் பொறுக்கி ஓரத்தில் வைத்தாள். "தெரியாதுன்னு சொன்னாங்ப்பா. கழட்டிப் பாக்கலாம்னாங்க."

கலாமணி, "அங்க குளிக்கற ரூமுக்குத் தாழ்ப்பாளு இல்லைங்க" என்றாள்.

செங்கோட்டுவேல் பாதிச் சோற்றில் எழுந்தார். கையைக் கழுவினார். கௌசிகாவின் அட்டையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பொட்டலுக்குப் போனார். அவள் கூடப் போகவில்லை, வாசலிலேயே நின்றாள். நாலு இருபதுக்கு அவர் கண்ணாடிக் கல்லூரியின் பின்பக்கம் நுழைந்ததையும், நாலரைக்கு வெளியே வந்து ஒரு பீடி பற்றவைக்க முயன்று தீக்குச்சி நிலைக்காமல் விட்டுவிட்டதையும், கருவேல மரத்துப் பக்கம் நடந்து ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் மறைந்ததையும் தெருவே பார்த்தது. நாலு முப்பத்தைந்து. அவர் வரவில்லை. நாலு நாற்பது. வரவில்லை.

"நான் போறேங்மா" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு, கௌசிகா பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள்.

பிரவுசிங் சென்டர் அக்கா பக்கத்தைத் திறந்து தயாராக வைத்திருந்தாள். கௌசிகா கிழிந்த காலண்டர் தாளை மேசையில் விரித்தாள். விரித்துவிட்டு, தாளைப் பார்க்காமல், கடலோரக் கல்லூரியை முதலில் வைத்தாள்.

"நல்லாப் பாத்துக்க அம்மிணி. பூட்டினா அவ்ளோதான்."

"பூட்டுங்க."

"ஓடிபி வரும். எந்த நம்பர் குடுத்திருக்க?"

விண்ணப்பத்தில் கொடுத்தது அப்பாவின் நம்பர். அந்தப் போன் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது, அந்தச் சட்டை ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் இருந்தது, மணி நாலு ஐம்பத்தொன்று. அம்மாவின் போனில் அப்பாவைக் கூப்பிட்டாள். ஆறு தடவை அடித்து, ஏழாவதில் எடுத்தார்.

"அப்பா, உங்களுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். ஆறு நம்பருங்க."

மறுபக்கம் ஒரு ஸ்பேனர் தரையில் விழுந்தது.

"எதை மேல வெச்சிருக்க?"

சொன்னாள்.

கம்ப்யூட்டரில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன, அக்கா அதைக் கையால் மறைத்துக்கொண்டாள். கொட்டகையில் அந்த நேரம் நடந்ததை ஜெனோவா பின்னால் சொல்லித்தான் தெரியும்: ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த செங்கோட்டுவேல், போனை ஒரு கையில் பிடித்துப் பார்த்தார், எழுத்து ஆடியது, இரண்டு கையாலும் பிடித்தார், அப்போதும் ஆடியது, கடைசியில் அதைத் தன் நெஞ்சின் மேல் அழுத்தி நிறுத்தி, கழுத்தைத் தூக்கி, ஒவ்வொரு எண்ணாக வாசித்தார்.

"ஏழு" என்றார். "சுழி." ரொம்ப நேரம் கழித்து, "நாலு" என்றார். "ரெண்டு. ஒம்பது." கடைசி எண்ணுக்கு முன்னால் போனை மறுபடி நெஞ்சில் அழுத்தினார். "ரெண்டு."

நாலு ஐம்பத்தாறுக்குப் பட்டியல் பூட்டிக்கொண்டது.

சேதி பொட்டலுக்குப் போய்ச் சேர்ந்ததும் சுத்தியல் சத்தம் இன்னொரு தடவை நின்றது. பொன்னுரங்கம் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். உறுதி செய்த இடத்தை விட்டுவிட்டோம், இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு... என்று அவர் ஆரம்பிக்கும்போது கண்ணாடிக் கல்லூரியின் கதவு திறந்து ஹேமந்த் இறங்கி வந்தான். கையில் கேண்டீன் டம்ளர் ஒன்று, அதில் விளிம்பு வரை உப்பு.

"கேண்டீன் மாஸ்டர் குடுக்கச் சொன்னாரு. வேற உப்பு வந்துருச்சாம். தேங்க்ஸ் சொல்லச் சொன்னாரு."

பொன்னுரங்கம் எழுந்து நின்றார். "உப்பு திரும்பிருச்சு" என்றார். பிறகு முகம் வாடி, "சர்க்கரையக் குடிச்சுட்டமே" என்றார். கலாமணி மளிகைக் கடைக்குப் போய் ஒரு கிலோ சர்க்கரை வாங்கி வந்து, காலி டம்ளரோடு சேர்த்து ஹேமந்த்தின் கையில் கொடுத்தாள். "வெறுங்கையோட போகக் கூடாது தம்பி" என்றாள். தெரு மூச்சு விட்டது.

கல்லூரிகள் கிளம்பின. படியிலிருந்து வடகத்தை அள்ளினார்கள், கைப்பிடியிலிருந்து புடவைகளை உருவினார்கள், லைப்ரரியிலிருந்து நாலு வெல்டர்களையும் எழுப்பி இறக்கினார்கள். கண்ணாடிக் கல்லூரி அஸ்திவாரத்தைத் தூக்கிப் பிடித்து, இண்டிகேட்டர் போட்டு, அடுத்த ஊரில் இன்னொரு வீட்டைத் தேடிச் சாலையேறியது. அது போன திசையை வைத்து அந்த வீடு எதுவாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு கடலோரக் கல்லூரி மூன்று தடவை முயன்று எழுந்தது. ஜெனோவா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தாள்.

"அடுத்த மாசம் வருவல்லா?"

"வருவேங்க்கா."

"அந்த டார்ச்சக் கொண்டு வா. எங்கள்ட்ட உள்ளது மங்கல்."

கல்லூரி நொண்டி நொண்டித் தெற்கே திரும்பியது. பொட்டலில் இரண்டு பெரிய சதுரப் பள்ளங்களும் கொஞ்சம் கடல் மணலும் மிஞ்சின. வெயில் இறங்கியது. வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பட்டறைக்குப் போனார்கள், பொன்னுரங்கம் முடிக்காத தாமரைக்குப் போனார், கலாமணி கௌசிகாவின் தோளில் கை போட்டு, "வா, நாலு நாளா சாப்பிடல" என்று வீட்டுக்குள் கூட்டிப் போனாள். உள்ளே அப்பா டூல் பாக்ஸைக் கவிழ்த்துப் போட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். லாரிப் பெட்டியின் பின்கதவுக்குப் போடுகிற, கையளவு தடிமனான ஒரு தாழ்ப்பாளையும் நாலு திருகாணிகளையும் எடுத்தார், ஸ்க்ரூ டிரைவரை இடுப்பில் செருகினார், அவர்களைத் தாண்டி வாசலுக்கு வந்தார். பொட்டல் காலியாக இருந்தது. கல்லூரி டீசல் பங்க்கைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, கடைசி வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"வண்டிய எடுத்துட்டுப் போங்களேன்" என்றாள் கலாமணி.

"மெதுவாத்தான் போவுது. எட்டிப் புடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு, செங்கோட்டுவேல் நெடுஞ்சாலையின் ஓரத்தில் தெற்குப் பார்த்து நடந்தார், நடுங்குகிற உள்ளங்கைக்குள் நாலு திருகாணிகளும் கிலுகிலுவென்று சத்தமிட, அந்தச் சத்தம் கேட்காத தூரம் வரைக்கும்.